14,000 கிலோமீட்டரும் ஓர் ஐஸ் பெட்டியும்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். வயது 82. திங்கட்கிழமை இரவு. ஒரே மகன் சான் பிரான்சிஸ்கோவில். "தம்பி கிளம்பிட்டான், நாளைக்கு வந்துடுவான்" என்றார்கள். வாசலில் ஷாமியானா போட்டார்கள். ஐஸ் பெட்டியும் வந்தது. மகன் வந்து சேர்ந்தது புதன்கிழமை காலையில். அதுவரை அந்த அம்மா பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 78 வயது, சர்க்கரை வேறு.

ரயில்வேயில் 34 வருடம் கால அட்டவணையோடு குடித்தனம் நடத்தியவன் நான். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் பதினைந்தரை மணி நேரம். இது காகிதக் கணக்கு. சென்னைக்கு அங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டும். ஆக, 20 மணிக்கு மேல். அதற்கு முன் டிக்கெட் கிடைக்க வேண்டும், மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். போதாததற்கு நம் கடிகாரம் அவர்களுடையதைவிடக் கோடையில் 12½ மணியும் குளிர்காலத்தில் 13½ மணியும் முன்னால் ஓடுகிறது. திங்கள் மாலை அங்கே ஏறுபவருக்கு இங்கே இறங்கும்போது புதன் விடியற்காலை. "நாளைக்கு" என்றவர்கள் பொய் சொல்லவில்லை. விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணிவிட்டார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். பிள்ளை வந்து கொள்ளி வைக்க வேண்டும் என்று ஆசைப்படலாம், கட்டாயமாக்கக் கூடாது. தம்பி மகனோ, பேரனோ, உள்ளூரில் இருக்கும் மகளோ செய்யட்டும். வெளிநாட்டுப் பிள்ளை காரியத்துக்கு நிதானமாக வரட்டும். முகம் பார்க்கவில்லையே என்ற குறை அவனுக்குக் காலமெல்லாம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கும். அதனால்தான் அந்த முடிவைப் பெற்றவர்கள் நாமே, உயிரோடு இருக்கும்போதே, நம் வாயால் சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர்கள் சொன்னால் அது பழியாகிவிடும்.

என் மகனும் அந்தப் பக்கம்தான், சான் ஹோசேயில். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்: "நான் போயிட்டேன்னு சேதி வந்தா பதறி ஓடி வராதேப்பா. இருக்கும்போது ஒரு தடவை கூடுதலா வந்துட்டுப் போ." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "டிசம்பர்ல வரேன்ப்பா" என்றான்.

போனை வைத்ததும் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வேணா அப்படி இருக்கட்டும். எனக்கு அவன் வரணும். எத்தனை நாளானாலும் பெட்டியில வச்சிருங்க."

இரண்டு பேர் விருப்பத்தையும் தனித்தனியாக எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.