குரலும் முழவும்

எங்கள் கொடைரோட்டு நிலையத்தில் இறங்குவோர் பலர். கொடைரோட்டுக்கென்றே இறங்குவோர் சிலர். வண்டியை விட்டிறங்கியதும் அவர்தம் கண் மலையை நாடுகின்றது. கால் பேருந்தை நாடுகின்றது. ஊரின் பெயரே பிறிதோர் ஊருக்குச் செல்லும் வழி என்னும் பொருளது. அம்மையநாயக்கனூர் என்னும் பழம்பெயரைத் தாங்கி, பன்னீர்த் திராட்சையும் மல்லிகையும் விளைத்து வாழும் ஓர் ஊர் இங்கு உண்டென்பதை வழிப்போக்கர் எண்ணுவதில்லை.

இசையரங்குகளில் முழவிசைப்போரைக் காணுந்தோறும் எமக்கு எம் ஊரின் நினைவே எழுகின்றது. பாட்டுக்குச் செல்லும் வழியாகவே முழவை நாம் மதிக்கின்றோம். அவ்விடத்தே இறங்கி நிற்பார் அரியர். முழவிசைப்போர் வேறொருவராயின் அவர் பெயரை அறிவிப்பாளர் ஒருமுறையேனும் கூறுவார். பாடுவோரே முழவிலும் வல்லாராயின், அவ்வன்மை அவர்தம் குரலின் புகழுக்குள் மறைந்தே போகின்றது. இதற்குச் சான்றாக இருவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதல்வர் மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா. 1930ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டின் சங்கரகுப்தம் என்னும் சிற்றூரிற் பிறந்து, பாருபள்ளி இராமகிருஷ்ணய்யா பந்துலுவிடம் இசை பயின்று, பின்னர்ச் சென்னையையே தம் ஊராகக் கொண்டு, 2016இல் அந்நகரிலேயே மறைந்த பெருவித்துவான் இவர். சங்கீத சபைகளின் வாயிலை மிதித்தறியாத எளியோரும் இவர் குரலை அறிவர். 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் செருக்கு மிக்க ஏமநாத பாகவதருக்காக ஒலித்ததும், 1977இல் வெளிவந்த ‘கவிக்குயில்’ படத்தில் குழைந்து உருகியதும் இவர் குரலே. ஆயின் இவர் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிக்க வல்லவர் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? வயலினிலும் வயோலாவிலும் அவருக்கிருந்த தேர்ச்சியையேனும் சிலர் எடுத்துரைப்பர். தோற்கருவியைப் பற்றிய பேச்சு வந்தால், “அதுவும் தெரியும்” என்னும் இரு சொற்களோடு முடித்துவிடுவர்.

‘அதுவும்’ என்னும் அவ்வும்மையே எம் வழக்குக்குப் பொருளாவது. பாலமுரளியின் கைத்திறன் ஓய்வு நேரத்து விளையாட்டு அன்று. திரிமுகி, பஞ்சமுகி, சப்தமுகி, நவமுகி எனப் புதிய தாளமுறைகளை வகுத்தவர் அவர். பழைய தாளங்களின் சட்டகத்தைக் குலைக்காமல், ஓசை எழத் தட்டும் அடிகளில் நடையை மாற்றியமைப்பது அம்முறைகளின் அடிப்படை. தட்டும் கைக்கும் வீசும் கைக்கும் உள்ள வேற்றுமையைத் தன் உள்ளங்கையில் உணர்ந்தவனுக்கன்றி இத்தகைய எண்ணம் தோன்றுதல் அரிது. அவருடைய தில்லானாக்களைச் செவியூன்றிக் கேட்போர், சொற்கட்டுகள் நாவில் பிறந்தனவா, விரல் நுனியில் பிறந்தனவா என ஐயுறுவர். முழவு அக்குரலுக்கு வெளியே நின்ற துணையன்று. அக்குரலின் உள்ளே துடித்த நாடி என்பதே எம் துணிபு.

இனி, மேனாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். பாலமுரளியின் கைத்திறன் மறக்கப்பட்டதேயன்றித் தடுக்கப்படவில்லை, அவரோ ஆடவர். 1950இல் அமெரிக்காவிற் பிறந்த கேரன் கார்ப்பெண்டர் என்னும் பெண்மணிக்கு நேர்ந்தது வேறு. கலிபோர்னியாவில் உயர்நிலைப்பள்ளியில் பயிலுங்காலத்தே அணிவகுப்பு வாத்தியக் குழுவிற் சேர்ந்து முரசு பயின்ற அவர், தம் தமையன் ரிச்சர்டுடன் இணைந்து இசைத்த இளமைக் காலத்தில் ‘டிரம்ஸ்’ என்னும் முரசுத் தொகுதியின் பின்னே அமர்ந்துகொண்டே பாடினார். 1970இல் அவர்தம் பாட்டு நாடெங்கும் பரவிற்று. அவையோர் அவர் முகத்தைக் காண விழைந்தனர். முரசுகளோ அம்முகத்தை மறைத்தன. எனவே அவரை எழுப்பி மேடையின் முன்னே நிறுத்தி, முரசுத் தொகுதியை வேறொருவரிடம் ஒப்படைத்தனர். புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பலவற்றிலும் முரசொலி பிறருடையதாயிற்று. 1975இல் ஓர் அமெரிக்க இதழின் வாசகர்கள், பேரிரைச்சலுக்குப் பெயர்பெற்ற ஜான் பான்ஹமையும் முந்தி, கேரனையே தலைசிறந்த முரசுக் கலைஞராக வாக்களித்துத் தேர்ந்தனர். அடுத்த ஆண்டு தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், மேடை நிறையப் பரப்பிய முரசுகளிடையே ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தாவித் தாவி அவர் இசைத்தார். எனினும் 1983இல் தம் 32ஆம் வயதில் அவர் மறைந்தபோது, உலகம் இரங்கியது பாடகிக்கே. அவரோ தம்மைப் பாடவும் தெரிந்த முரசுக் கலைஞர் என்றே கருதி வந்தவர்.

இவ்விருவரையும் நாம் இவ்வாறு மறந்தமைக்குக் காரணம் யாது? குரல் உயர்ந்தது, முழவு தாழ்ந்தது என்னும் வரிசை நம் உள்ளத்தில் ஊறிக் கிடப்பதே காரணம். இவ்வரிசை தமிழர்க்குத் தொன்றுதொட்டு உரியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இசையாசிரியனுக்கு இலக்கணம் கூறியவாறே தண்ணுமை ஆசிரியனுக்கும் தனியே இலக்கணம் கூறுகின்றார். புறநானூற்றில் மாங்குடி கிழார், துடி கொட்டுவோனையும் பறை முழக்குவோனையும் பாணனோடு ஒருங்கு வைத்துப் போற்றுகின்றார். பிற்காலத்தே தோலைத் தொடுவது இழிவெனப்பட்டது. தோலைத் தொட்டவனும் இழிந்தவனாக்கப்பட்டான். மிருதங்கமோ மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் இன்றி ஒலியாது! அத்தோலைப் பதம் பார்த்துக் கட்டும் கைவினைஞர் பலர், நம் திருச்சபையைச் சார்ந்த ஒடுக்கப்பட்ட குடியினர். அவர் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூலாக எழுதி வெளியிட்டபோதுதான், கச்சேரி கேட்போர் பலர்க்கு அவர்தம் பெயரே தெரியலாயிற்று.

கிறிஸ்தவராகிய நாமும் இதில் குற்றமற்றவர் அல்லோம். செங்கடலைக் கடந்த பின்னர் மிரியாம் கையில் எடுத்தது யாது? நம் தமிழ் வேதாகமம் அதனைத் தம்புரு என்கின்றது. அச்சொல்லைக் கேட்டதும், சுருதி கூட்டும் நரம்புக் கருவியை மடியிற் சாய்த்து அமைதியாக வீற்றிருக்கும் ஒரு மாதின் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. எபிரேய மூலத்திலுள்ள ‘தோஃப்’ என்னும் சொல்லோ, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்துக் கையால் அறையும் பறையைக் குறிப்பது. தீர்க்கதரிசியாகிய அப்பெண் பாடியதை நாம் அறிவோம். அவள் பறையறைந்ததை ஒரு சொல்லின் மயக்கத்தால் மறந்தோம். எம் இருவர்க்கும் முன்னரே இவ்வநீதிக்கு ஆளானவள் அவளே.

“பாட்டு உள்ளத்தை உருக்குவது, கொட்டு அதற்கு அளவு காட்டுவது மட்டுமே. இரண்டையும் ஒப்ப வைத்தல் தகுமோ?” எனச் சிலர் வினவுவர். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நிறுவிய சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் பறையேந்தி ஆடுவதை ஒருமுறை கண்டோர் இவ்வாறு வினவார். எக்கருவி அவர்தம் குலத்துக்கு இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்டதோ, அக்கருவியையே நிமிர்ந்த தலையோடு முழக்குகின்றனர். அவர்களைப் பற்றி ஜோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசையாய்வாளர் திரைச்சித்திரமே எடுத்துள்ளார். கடல் கடந்து வந்தோர் கண்ட சிறப்பை, நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் நாம் காணாதிருத்தல் அழகோ?

எம் வகுப்புத் தோழி ஒருத்தி பாடற்குழுவில் முதற்குரல் பாடுபவள். ஆசிரியர் வருமுன் அவள் விரல்கள் மேசையின் மேல் எழுப்பும் தாளத்தைக் கேட்கவே யாம் விரைந்து வகுப்புக்கு வருவதுண்டு. கிறிஸ்துமஸ் பாட்டுப் பவனியின்போது டோலக்கை அவளிடம் கொடுக்குமாறு வேண்டினோம். “பெண்பிள்ளைக்கு ஏனம்மா கொட்டு? நீ பாடு, அது போதும்,” என்று பெரியவர் ஒருவர் அன்போடுதான் கூறினார். அவளும் மறுமொழி கூறாது பாடினாள், நன்றாகவே பாடினாள். ஆயினும் அன்றிரவு முழுதும் அவள் வலக்கை விரல்கள் ஜெபப்புத்தகத்தின் அட்டையைத் தட்டிக்கொண்டேயிருந்தன.

ஆதலின் எம் வேண்டுகோள் சிறிது. ஆண்டுதோறும் வாய்ப்பாட்டுக்குப் பரிசளிக்கும் நம் கல்லூரி, தோற்கருவிக்கும் ஒரு பரிசு வைக்கட்டும். அது மாணவியர்க்கும் உரியதென வெளிப்படையாக அறிவிக்கட்டும். அறுப்பின் பண்டிகையன்று சிற்றாலயத்தில் ஆர்மோனியத்தின் அருகே ஒரு பறைக்கும் இடம் கிடைக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் பாடுவோர் பெயரின் கீழ் முழவிசைப்போர் பெயரும் அச்சாகட்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வழியென்று எண்ணிக் கடந்து சென்ற இடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்ப்போமாயின், அங்கும் ஓர் ஊர் இருத்தலைக் காண்போம்.