பொருளுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஓர் இடம்

ஒரு கடையின் நிலையை அறிய விரும்புவோர் அதன் கணக்கேட்டைப் பார்க்க வேண்டும் என்பர். நாம் அதனினும் எளிய வழியொன்றைக் கூறுவோம். அக்கடையின் கிட்டங்கிக்குள் சென்று, அங்குள்ள சிப்பந்திகளுள் மிக இளையவரை நோக்கி, “இரண்டங்குல ஆணி எங்கே இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் நேரே சென்று எடுத்து வருவாராயின் அக்கடை ஒழுங்காக நடைபெறுகிறது. “அண்ணை வரட்டும், அவருக்குத்தான் தெரியும்” என்பாராயின், முதலாளி போட்ட முதலில் ஒரு பகுதி ஒருவருடைய நினைவினுள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த அண்ணை நேர்மையானவராகவும் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆயினும் அவருக்கும் காய்ச்சல் வரும்; நல்லூர்த் திருவிழாவுக்குப் போக அவருக்கும் ஆசை இருக்கும்; ஒரு நாள் அவரும் முதுமை எய்தி வேலையை விட்டு நீங்குவார். அன்று சாமான் இருந்தும் இல்லையென்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பப்படுவார். உள்ளே இருக்கும் பொருளே மறுபடியும் கொள்வனவு செய்யப்படும். முன்பு வாங்கியது மூலையிற் கிடந்து பழுதாகும். இந்த நட்டம் எந்த ஏட்டிலும் தனி வரியாக எழுதப்படுவதில்லை. ஆகவே எவருடைய கண்ணுக்கும் புலப்படுவதில்லை. இதனைத் தடுக்க வல்லது, லேபிள் என்று நாம் வழங்கும் சிறு பெயர்ச்சீட்டே. பொருளை வைத்தவர் அங்கு இல்லாதபோது அவருக்காகப் பேசுவது அது.

இம்முறை நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டகசாலையை வருணிக்கும் சிலப்பதிகாரம், அங்கு குவிந்து கிடந்த பொதிகளின்மேல் உடையவர் பெயரும், எண்ணும், நிறையும் பொறிக்கப்பட்டிருந்தன என்று சொல்லுகிறது. அவ்வடையாள எழுத்துக்குக் ‘கண்ணெழுத்து’ என்று பெயர். பொதிக்கு ஒரு கண் வைத்தாற் போன்ற அழகிய சொல் அது. அதே துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையோ, சுங்க அதிகாரிகள் பண்டங்களின்மேற் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்ததைக் கூறுகிறது. உடையவர் யார், எவ்வளவு, சுங்கம் முடிந்ததா என்ற வினாக்களுக்குப் பொதியே விடை கூறிற்று.

நமது நாட்டுத் தேயிலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது 1883ஆம் ஆண்டில். பலகைப் பெட்டிகளில் தேயிலை சென்ற காலத்தில், தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் எண், நிறை ஆகியவை பெட்டியின் பக்கத்தில் மையினாற் பொறிக்கப்பட்டன. இன்று பெட்டிகளின் இடத்தைப் பெரும்பாலும் கடதாசிப் பைகள் பிடித்துவிட்டன. ஆனால் அவ்விபரங்கள் நீங்கவில்லை. ஏன்? ஏலத்தில் விலை கூறுபவர் கிட்டங்கியிலுள்ள ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பதில்லை. மாதிரியைச் சுவைத்தே விலையை மதிப்பிடுகிறார். அவர் சுவைத்த மாதிரிக்கும், எங்கோ அடுக்கியிருக்கும் பைகளுக்கும் இடையே உள்ள பாலம் அந்த எழுத்துகளே. அவை மாறிப்போனால் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் பாடுபட்டுப் பறித்த நல்ல கொழுந்து இன்னொரு தோட்டத்தின் பெயரில் விலைபோய்விடும்.

இனி, ஒரு சிறிய கடையில் இதனை எவ்வாறு செய்வது என்று பார்ப்போம். பலரும் முதலிற் பொருளுக்குச் சீட்டு ஒட்டத் தொடங்குவர். அது தலைகீழ் முறை. முதலில் இடத்துக்கு முகவரி கொடுத்தல் வேண்டும். ஒவ்வொரு றாக்கைக்கும் ஓர் எழுத்து. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண். தட்டிலுள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் இன்னோர் எண். ‘இ-3-2’ என்றால், ‘இ’ என்னும் றாக்கையில் மூன்றாந் தட்டின் இரண்டாம் பிரிவு. தெருவும் வீட்டிலக்கமும் இருந்தால் தபாற்காரர் புதியவராயினும் கடிதம் வந்து சேர்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

அடுத்தது பொருளின் சீட்டு. அதில் நான்கு விபரங்கள் போதும்: பொருளின் பெயர், அளவு அல்லது வகை, வந்த திகதி, வைக்க வேண்டிய இடத்தின் எண். உணவு, மருந்து போன்றவற்றுக்கு முடிவுத் திகதியையும் சேர்த்தல் வேண்டும். எத்தனை இருக்கிறது என்பதைச் சீட்டில் எழுதலாகாது. அது நாளுக்கு நாள் மாறுவது. நேற்றைய எண் இன்றைக்குப் பொய். அதற்கென அவ்விடத்திலே தனி அட்டையொன்றைத் தொங்கவிட்டு, வந்ததையும் போனதையும் மிகுதியையும் அவ்வப்போது பதிந்து வருதல் நன்று.

வேறு சில நுட்பங்களும் உள. சீட்டை மூடியில் ஒட்டாது உடலில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும்; உடல் மாறாது. மாப்பசையால் ஒட்டிய கடதாசியைப் பூச்சிகள் விரும்பித் தின்னும்; ஈரத்தில் மை கரையும். ஆகையால் பசையையும் மையையும் பார்த்துத் தெரிதல் வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் இருக்கட்டும். ஒருவர் ‘சவர்க்காரம்’ என்றும் மற்றவர் ‘சோப்’ என்றும் எழுதினால், ஒரே பொருள் இரண்டு இடங்களில் இரண்டு கணக்காகிவிடும். புதிதாக வந்ததைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே தள்ளுங்கள். முடிவுத் திகதி உள்ளவற்றில் எது முதலில் முடிகிறதோ அதுவே முதலில் வெளியேறல் வேண்டும்.

பெரிய கடைகளிலே கோட்டுக்குறி இவ்வேலையை எளிதாக்கியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் நகரிலே, ஒரு சூயிங்கம் பொதியே இம்முறையில் முதன்முதலாகக் கடை முகப்பில் வாசிக்கப்பட்டது. மாணவர்கள் வீட்டிலுள்ள பொதியொன்றை எடுத்து, கோடுகளின் கீழுள்ள பதின்மூன்று இலக்கங்களைப் பார்க்கலாம். 479 என்று தொடங்கினால் அவ்வெண் இலங்கையிற் பதிவு பெற்றது. பொருள் இங்கேயே செய்யப்பட்டது என்பது அதன் கருத்தன்று. இரண்டாம், நான்காம், ஆறாம் என இரட்டை இடங்களிலுள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றாற் பெருக்குங்கள். ஒற்றை இடங்களிலுள்ளவற்றை அத்துடன் சேருங்கள். விடை பத்தால் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் பிழையாக வாசிக்கப்பட்டாலும் இயந்திரம் உடனே கண்டுகொள்வது இதனாலேயே.

ஆயினும் இயந்திரத்துக்கு எண் மட்டுமே தெரியும். பெட்டியின் உள்ளே வேறு பொருள் இருந்தால் அது அறியாது. சீட்டு உண்மை பேசுகிறதா என்பதற்கு மனிதரே பொறுப்பு. பழைய பெட்டியிலே புதிய பொருளை இடும்போது பழைய சீட்டைக் கிழித்தெறியாமல் விடுதல், சீட்டே இல்லாதிருப்பதினும் தீமையானது. சீட்டு இல்லையெனில் திறந்து பார்ப்போம். பொய்ச் சீட்டு இருந்தால் நம்பிவிடுவோம்.

இதனை இல்லத்தரசிகளும் கடைக்காரரும் ஒருங்கே நெஞ்சில் இருத்தல் வேண்டும். பிஸ்கற் ரின்னைத் திறந்தால் ஊசியும் நூலும் இருப்பது சிரிப்புக்குரியது. மென்பானப் போத்தலிலே மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ இருப்பது சிரிப்புக்குரியதன்று. எழுத்தறியாத குழந்தைக்குப் போத்தலின் வடிவமே லேபிள். அவ்வடிவம் அதற்கு முன்பு இனிப்பைத் தந்தது. இப்பொழுதும் தரும் என்றே அது நம்பும். ஆகவே நஞ்சு எதுவாயினும் அதன் சொந்தக் கலனிலேயே, சொந்தச் சீட்டுடனேயே, குழந்தையின் கைக்கு எட்டாத இடத்திலேயே இருக்கட்டும். சில்லறையாக ஊற்றி விற்கும் கடைக்காரர், வாங்குபவர் பானப் போத்தலை நீட்டினால் மறுத்துவிடுதல் தருமம்.

சீட்டு ஒட்டினால் பழைய சிப்பந்தியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். உண்மை அதற்கு மாறானது. இருபது வருடம் கண்டறிந்ததை எழுத்தில் இட்டு இளையவர் கையிற் கொடுப்பவர் குருவாகிறார். அவருக்கு ஓய்வு நாளும் உண்மையான ஓய்வாக அமைகிறது.

நமது வரி ஆண்டு மார்ச் 31ஆம் திகதியுடன் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டில் புதுக்கணக்குத் தொடங்குகிறது. இருப்புக் கணக்கெடுப்புக்காக எப்படியும் எல்லாப் பொருளையும் இறக்கித்தான் ஆக வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஓர் இடமும் கொடுத்து ஏற்றுங்கள். பாடசாலை விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளின் அழகிய கையெழுத்து இதற்கு உதவட்டும். எழுதி முடித்த பின்னர், கடையை ஒருபோதும் கண்டிராத ஒருவரை உள்ளே அனுப்பி ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் எவரையும் கேளாது எடுத்து வந்தால், உங்கள் வேலை நிறைவேறியது.