வெடிக்காத குண்டு

கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுபவர்களுக்கு வழக்கமாக வரும் ஏமாற்றம் இது. ரேடாருக்குத் தப்பி மர உயரத்தில் பறந்து, குறி தவறாமல் குண்டைப் போடுகிறார்கள். அது கல்லைப் போல விழுந்து கிடக்கிறது. விளையாட்டில் கோளாறு என்று அலுத்துக்கொள்கிறார்கள். கோளாறு இல்லை. குண்டின் ஃப்யூஸ் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

இது வீட்டு மின்சார ஃப்யூஸ் அல்ல. குண்டை வெடிக்கவைக்கும் கருவி. அதற்குள் இரண்டு கடிகாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். விமானத்தை விட்டுப் பிரிந்து எத்தனை விநாடி கழித்து குண்டு உயிர்பெற வேண்டும் என்பதை முதல் கடிகாரம் பார்த்துக்கொள்கிறது. மோதியதும் வெடிப்பதா, உள்ளே துளைத்துப் போன பிறகா என்பது இரண்டாவதன் பொறுப்பு. பழைய ரகங்களில் முதல் கடிகாரம் என்பது மூக்கில் இருக்கும் சின்னக் காற்றாடிதான். குண்டு கழன்றதும் அதைப் பிடித்திருந்த கம்பி உருவிக்கொள்ளும். காற்றாடி குறிப்பிட்ட அளவு சுற்றிய பிறகே ஃப்யூஸ் தயாராகும்.

ஏன் இந்தத் தாமதம்? நேராகப் பறந்தபடி போட்ட குண்டு, விமானத்தின் வேகத்திலேயே ஏறக்குறைய அதற்கு நேர் கீழேயே போகும். தாழ்வாகப் பறக்கும்போது அது வெடித்தால் போட்டவரும் மிஞ்சமாட்டார். அதனால் காத்திருக்கச் சொல்கிறது ஃப்யூஸ். 4 விநாடியில் குண்டு சுமார் 78 மீட்டர் விழும். 4 விநாடி என்று வைத்துவிட்டு 50 மீட்டர் உயரத்தில் போட்டால், 3.2 விநாடியிலேயே தரை வந்துவிடும்.

1982 ஃபாக்லாந்து போரில் இதுதான் நடந்தது. பிரிட்டிஷ் ஏவுகணைகளுக்குத் தப்ப, அர்ஜென்டினா விமானிகள் அலைகளை உரசிப் பறந்தார்கள். குறி தப்பவில்லை, ஆனால் பல குண்டுகளுக்கு உயிர்பெற நேரம் போதவில்லை. மே 12 அன்று 'கிளாஸ்கோ' கப்பலுக்குள் புகுந்த குண்டு வெடிக்காமல் மறுபக்கம் வெளியேறியது. மே 21 அன்று 'ஆர்கனாட்' கப்பலில் இரண்டு குண்டுகள் வெடிக்காமல் தங்கின. மே 23 அன்று 'ஆண்டலோப்' கப்பலிலும் இரண்டு.

விளையாட்டுகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. 2001-ல் வந்த 'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்'கில், மோதிய பிறகான தாமதத்தைக் கிளம்புவதற்கு முன்பே விநாடிகளில் குறிக்கலாம். 'டிசிஎஸ்' விளையாட்டின் எஃப்-16 விமானத்தில், குண்டு உயிர்பெறும் நேரத்தைப் பறக்கும்போதே திரையில் மாற்றலாம். தாழ்வாகப் போக வேண்டுமானால் வால் சிறகுகள் விரிந்து வேகம் குறையும் குண்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். குண்டு பின்தங்கும், விமானம் முந்திப் போய்விடும். நேரத்தையும் குறைத்து வைக்கலாம்.

திரையில் வெடிக்காத குண்டுக்கு அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. ஆண்டலோப்பில் முடியவில்லை. கிடந்த குண்டுகளில் ஒன்றைச் செயலிழக்கச் செய்யப் போன நிபுணர் ஜேம்ஸ் பிரெஸ்காட், அது வெடித்து இறந்தார். மறுநாள் கப்பலும் உடைந்து மூழ்கியது.