டிம் ஹார்ஃபோர்டும் என் மூன்றாவது அட்டெம்ப்டும்

பொருளாதாரம் என்றால் எனக்கு முதல் செமஸ்டரில் டிமாண்ட் கர்வ், சப்ளை கர்வ், பத்து மார்க் கேள்விக்கு ஒரு படம். அவ்வளவுதான். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் டிம் ஹார்ஃபோர்ட். 'தி அண்டர்கவர் எகனாமிஸ்ட்' (2005) எழுதியவர். 2007-இல் பி.பி.சி. ரேடியோ 4-இன் 'மோர் ஆர் லெஸ்' நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளராக வந்தவர். செய்திகளில் அடிபடும் புள்ளிவிவரங்களைப் பிரித்து மேய்வதுதான் அந்த நிகழ்ச்சியின் வேலை.

மனிதர் சொல்வதையெல்லாம் வடிகட்டினால் எனக்குக் கிடைப்பது ஒரே விஷயம்தான். நாம் நினைக்கிற அளவுக்கு நமக்கு எதுவும் தெரியாது. அதனால் சின்னச் சின்னதாக முயன்று பார், தப்பானால் சீக்கிரம் ஒப்புக்கொள்.

இதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். பல ஸ்டேஷன்களை மூடிவிட்டதால் ஜனங்கள் வேறு வழியில் ஆபீஸ் போனார்கள். ஸ்டிரைக் முடிந்த பிறகும் சுமார் நூற்றுக்கு ஐந்து பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லையாம். தினமும் போய்வரும் பாதையிலேயே நல்ல வழி எது என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள்! இடைஞ்சல் வந்ததால்தான் தெரிந்தது.

'அடாப்ட்' (2011) புத்தகத்தில் பால்சின்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளரைப் பற்றிச் சொல்கிறார். புதியதை முயன்று பார், தோற்றாலும் பிழைத்துக்கொள்ளும் அளவில் முயன்று பார், தோல்வியிலிருந்து கற்றுக்கொள். இந்த மூன்றும்தான் அவரது கொள்கை. சோவியத் அரசின் பிரம்மாண்டத் திட்டங்களைக் கேள்வி கேட்டார். 1929-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பைச் சுட்டிக்காட்டுபவனைப் பொறுத்துக்கொள்ளாத சமூகம் தப்புகளிலேயே மூழ்கும் என்பது ஹார்ஃபோர்டின் வாதம். முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு இடிப்பது அந்த இரண்டாவது கொள்கைதான். பிழைத்துக்கொள்ளும் அளவு என்றால் யாருக்கு, எவ்வளவு? லண்டன்காரருக்கு வழி மாறினால் அரைமணி நேரம் நஷ்டம். நான் சி.ஏ. இன்டர் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் குரூப் 1-ல் விழுந்தேன். என்னோடு விழுந்த நண்பன் அடுத்த நாளே புது கோச்சிங்கில் சேர்ந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு அது ஒரு செக். என் அப்பாவுக்கு அது கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம். ஒரே மார்க் ஷீட்தான், தோல்வியின் விலை வேறு வேறு. 'முயன்று பார்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதற்கு முன்னால், விழுந்தவனைத் தாங்க ஏதாவது இருக்கிறதா என்று சமூகம் பார்க்க வேண்டாமா? இந்தக் கேள்வியில் ஹார்ஃபோர்ட் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, மூன்றாவது அட்டெம்ப்ட் எழுதுவதா, வேண்டாமா? வீட்டில் விடாமுயற்சி என்கிறார்கள். நம் அக்கவுண்ட்ஸ் சார் பாணியில் சொன்னால், போன பணம் சங்க் காஸ்ட், அதைக் கணக்கில் சேர்க்காதே. இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

இங்கேதான் ஹார்ஃபோர்டின் 'காஷனரி டேல்ஸ்' கைகொடுத்தது. 2019-இல் வந்த முதல் கதை 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பலைப் பற்றியது. 1967 மார்ச்சில் சுமார் 1,20,000 டன் கச்சா எண்ணெயோடு வேல்ஸ் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடல் ஏற்றத்தைத் தவறவிட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேப்டன் சில்லி தீவுகளுக்குப் பக்கத்தில் குறுக்குவழியில் போனார். சின்னச் சின்னத் தடங்கல்கள் வந்தபோதும் திட்டத்தை மாற்றவில்லை. பாறையில் மோதி, பிரிட்டன் கரையெல்லாம் எண்ணெய். கேப்டன் அனுபவசாலிதான். ஆனால் இலக்கு பக்கத்தில் தெரியும்போது நிறுத்த மனசு வராது, அதுதான் மனித சுபாவம்.

எனக்குத் தோன்றுவது இது: எங்கே நிறுத்துவது என்பதைப் பாறைக்குப் பக்கத்தில் போய் யோசிக்கக் கூடாது, கரையில் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். எழுதிவிட்டேன். பி.காம் முடித்ததும் வேலைக்குப் போவேன். என் சம்பளத்தில், கோச்சிங் இல்லாமல், இன்னும் ஒரே ஒரு முறை எழுதுவேன். போனால் நிறுத்திவிடுவேன். அந்தத் தாளை அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

உங்களில் யாராவது இப்படி எல்லைக்கோடு போட்டுவிட்டு முயன்றிருக்கிறீர்களா? கோட்டைத் தாண்டாமல் நிற்க முடிந்ததா? சொல்லுங்கள், எனக்கு உதவும்.