தூர தேசத்துக் குரல் தேய்கிறது!
சிற்றலை ரேடியோ மறைந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோப் பெட்டி ஏதாவது தூசி படிந்து கிடக்கிறதா? எடுத்துத் துடைத்து, முகப்பைப் பாருங்கள். எண்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசை மத்திய அலை. மற்றது சிற்றலை. 'ஷார்ட் வேவ்' என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான்.

அந்தச் சிற்றலை வரிசையில் ஒரு காலத்தில் உலகமே அடங்கியிருந்தது. குமிழை ஒரு நூல் திருப்பினால் லண்டன். இன்னும் ஒரு நூல் திருப்பினால் மாஸ்கோ. அதற்கும் அடுத்து பீக்கிங். நடுவிலே புரியாத பாஷையில் ஒரு பாட்டு. அது எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதற்காகவே இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் உண்டு. தபால்தலை சேர்ப்பது போல அதுவும் ஒரு பொழுதுபோக்கு. இன்றும் அதைச் செய்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

ஆனால், பிடிப்பதற்கு நிலையங்கள்தான் குறைந்து வருகின்றன. ஒவ்வொரு தேசமாகச் சிற்றலையை மூடிக்கொண்டு போகிறது. 'போனால் போகட்டும், கையில்தான் செல்போன் இருக்கிறதே' என்று சொல்வீர்கள். அப்படிச் சொல்லிவிடலாமா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வானத்தில் ஒரு கண்ணாடி

சிற்றலை எப்படி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறது? பூமிக்கு மேலே, சுமார் 80 கிலோ மீட்டரிலிருந்து பல நூறு கிலோ மீட்டர் உயரம் வரை, மின்னேற்றம் பெற்ற படலம் ஒன்று இருக்கிறது. சூரிய ஒளிதான் அதை உண்டாக்குகிறது. சிற்றலை அதில் பட்டு, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போலக் கீழே திரும்புகிறது. பூமியில் பட்டு மறுபடி மேலே போகிறது. இப்படித் தாவித் தாவியே கடலைக் கடந்துவிடும். நடுவில் கம்பியும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் மாறிப் போகும். அதனால்தான் பகலில் கேட்ட நிலையம் இரவில் காணாமல் போகிறது. பகலில் 16, 19 மீட்டர் வரிசைகள் நன்றாகக் கேட்கும். இரவில் 31, 41, 49 மீட்டர் வரிசைகள் களைகட்டும். ஒலி ஏறுவதும் இறங்குவதும், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருப்பதும் இதனால்தான். பெட்டியின் மேல் குற்றமில்லை.

கொழும்பு தந்த பாட்டு

மதுரைக்கென்று தனி வானொலி நிலையம் 1980-களில்தான் வந்தது. அதற்கு முன்பு மதுரைச் சுற்றுவட்டாரத்துக்குத் திருச்சி நிலையம்தான் கதி. அது 1939-ல் ஏற்பட்டது. சென்னை நிலையம் அதற்கு ஒரு வருஷம் மூத்தது.

1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய சர்க்காரின் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய கருத்து. அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டு அருகிப் போயிற்று. சாஸ்திரீய சங்கீதம் பெருகியது. சங்கீதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கட்டாயப்படுத்தினால் கற்கண்டும் கசக்குமல்லவா?

ஜனங்கள் குமிழைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது!

அந்த நிலையத்தின் பலம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாவது உலக யுத்தத்தின்போது, கிழக்கே போரிட்ட நேச நாட்டுச் சிப்பாய்களுக்காகக் கொழும்புக்குப் பக்கத்திலே ஏகலையில் பெரிய ஒலிபரப்பி ஒன்றை வெள்ளைக்காரர்கள் நிறுவினார்கள். யுத்தம் முடிந்ததும் அது இலங்கை சர்க்காரிடம் வந்து சேர்ந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. யுத்தத்துக்காக வைத்த பீரங்கி, பாட்டைப் பொழிய ஆரம்பித்த கதைதான்.

டீக்கடை, சலூன், ஜவுளிக்கடை என்று எங்கும் இலங்கை வானொலி! எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் போலப் பழகிவிட்டன. வடக்கே அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சிக்கும் அதே மவுசு. அவர் பேசியது பம்பாயில். நாடாவில் பதிவு செய்து, விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து இந்தியாவுக்கு ஒலிபரப்பினார்கள்!

கடைசியில் டில்லியே இறங்கி வந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது. 'கேட்காதே' என்று சொல்லிப் பார்த்துவிட்டு, 'இங்கேயே கேள்' என்று சொல்ல ஐந்து வருஷம் ஆயிற்று. அண்டை வீட்டு ரேடியோ இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

செய்தி வந்த வழி

பாட்டை விடப் பெரிய விஷயம் செய்தி. 1984 அக்டோபர் 31-ந் தேதி காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை அகில இந்திய ரேடியோ அன்று மாலையில்தான் அறிவித்தது. அதற்குப் பல மணி நேரம் முன்பே லண்டன் பி.பி.சி. சொல்லிவிட்டது. மேற்கு வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த மகன் ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைத்தான் திருப்பிக் கேட்டார். பெற்ற தாயின் செய்திக்குப் பிற நாட்டு ரேடியோ!

பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-ல், யுத்த காலத்தில் ஆரம்பமாயிற்று. பிற்பாடு 'தமிழோசை' என்று பெயர் பெற்றது. இலங்கையில் இனச் சண்டை நடந்த வருஷங்களில், அங்கே என்ன நடக்கிறது என்று அறிய அதைத்தான் பலர் நம்பினார்கள். இலங்கைத் தமிழர்களுக்கோ, அது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பீக்கிங்கின் தமிழ் ஒலிபரப்பு 1963-ல் தொடங்கியது. 1962-ல் இந்தியாவோடு போரிட்டவர்கள், மறு வருஷமே தமிழில் நேசம் கொண்டாட வந்துவிட்டார்கள்! தமிழ்நாட்டில் அதற்கு ஊர் ஊராக நேயர் மன்றங்கள் தோன்றின. எந்த நாட்டு ரேடியோவும் தன் நாட்டுக்குத்தான் பரிந்து பேசும். லண்டனும் அப்படித்தான், பீக்கிங்கும் அப்படித்தான், டில்லியும் அப்படித்தான். ஆனால், ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டவன் சுலபத்தில் ஏமாற மாட்டான்.

அனுமதி பெறாத நிலையங்கள்

சர்க்கார் லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பும் நிலையங்களும் உண்டு. 1964-ல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கப்பலில் நடந்த 'ரேடியோ கரோலின்' உலகப் பிரசித்தம். அதைக் 'கடற்கொள்ளை ரேடியோ' என்றே அழைத்தார்கள். கொள்ளையடித்தது காதுகளை மட்டுந்தான்! அது ஒலிபரப்பியதும் பாட்டுதான். 1967-ல் அதற்கெதிராகச் சட்டமே போட்டார்கள்.

அதற்கு வெகு முன்பே நம் நாட்டில் ஒன்று நடந்தது. 1942 ஆகஸ்டில், தலைவர்கள் எல்லாரும் சிறையில் இருந்த சமயம், பம்பாயில் 'காங்கிரஸ் ரேடியோ' ரகசியமாக ஒலித்தது. 42.34 மீட்டரில் கேளுங்கள் என்று அறிவிப்பு வரும். நடத்தியவர்களில் முக்கியமானவர் உஷா மேத்தா. வயது 22. போலீஸ் தேடத் தேட இடம் மாறிக்கொண்டே ஒலிபரப்பினார்கள். நவம்பரில் பிடிபட்டார்கள். உஷாவுக்கு நான்கு வருஷம் சிறை. அதே யுத்த காலத்தில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் ரேடியோ தமிழிலும் பேசியது.

எல்லாக் கதையும் சிறையோடு நிற்கவில்லை. இலங்கையின் வடக்கே விடுதலைப் புலிகள் நடத்திய 'புலிகளின் குரல்' நிலையம், 2007 நவம்பரில் விமானக் குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று.

யார் மூடுகிறார்கள்?

பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றது. 76 வருஷக் குரல்! இந்தி ஒலிபரப்பு 2020 ஜனவரியில் நின்றது. 1942 முதல் ஒலித்த 'அமெரிக்காவின் குரல்' ஊழியர்களில் ஏறக்குறைய அனைவரும் 2025 மார்ச்சில் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள்.

காரணம் பணம்தான். பெரிய ஒலிபரப்பி ஒன்று நூற்றுக்கணக்கான கிலோவாட் மின்சாரத்தை விழுங்கும். கேட்பவர்களோ செல்போனுக்குப் போய்விட்டார்கள். கணக்குப் பார்த்தால் மூடுவது நியாயமாகவே தோன்றும்.

ஆனால், வேறொரு கணக்கும் இருக்கிறது.

2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் இன்டர்நெட் துண்டிக்கப்பட்டது. வதந்தி பரவாமல் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். பத்திரிகையும் தொலைக்காட்சியும் இருந்தன என்பது உண்மை. ஆனால், செல்போனையே நம்பியிருந்தவர்களுக்கு உலகம் இருண்டுவிட்டது. தமிழோசை சிற்றலையில் நின்று அப்போது ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது.

2019 ஆகஸ்டில் காஷ்மீரில் டெலிபோன், இன்டர்நெட் எல்லாம் நின்றன. உடனே பி.பி.சி. என்ன செய்தது? சிற்றலையில் இந்தி நிகழ்ச்சியின் நேரத்தைக் கூட்டியது. உருதுவில் புதிதாக ஒன்று தொடங்கியது. 2022 மார்ச்சில், ரஷியப் படை உக்ரேனில் நுழைந்ததும், அந்தப் பக்கம் தினம் நான்கு மணி நேரம் சிற்றலையில் ஆங்கிலச் செய்தி அனுப்பியது. மூட்டை கட்டி வைத்ததை ஆபத்து வந்ததும் அவிழ்த்தார்கள்! ஒலிபரப்பியையே விற்றுவிட்டால் அடுத்த முறை எதை அவிழ்ப்பது?

இன்டர்நெட் குழாய்த் தண்ணீர் மாதிரி. எங்கோ ஒருவர் கையில் திருகு இருக்கிறது. சிற்றலை மழை மாதிரி. கேட்க விடாமல் இரைச்சலைக் குறுக்கே ஒலிபரப்பித் தடுக்கலாம். ரஷியா பல வருஷம் அப்படிச் செய்தது. ஆனாலும் முழுக்க அடைக்க முடியவில்லை. இன்னொன்று: நீங்கள் எந்த நிலையத்தைக் கேட்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. செல்போனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

நம் நாட்டில் இது மேலும் முக்கியம். தனியார் எப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்ல அனுமதி இல்லை. பாட்டுப் போடலாம், அரட்டை அடிக்கலாம். செய்தி என்றால் ஆகாசவாணியுடையதைத்தான் அப்படியே எடுத்துப் போட வேண்டும். வெளியிலிருந்து வரும் குரலும் ஓய்ந்தால், ரேடியோவில் செய்தி சொல்ல சர்க்காரைத் தவிர யாருமில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறீர்களா?

கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிய காலம் போய்விட்டது. ஒலிபரப்பத்தான் அனுமதி வேண்டும்.

ஆனையூர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வீடுகள் நெருங்கிவிட்டன. எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சிற்றலையில் கரகரப்பைக் கிளப்பும். எனவே ரேடியோவை மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். கண்மாய்க்கரை பக்கம் போனால் இன்னும் நல்லது. மின்சாரத்தில் போடாதீர்கள், பாட்டரியில் போடுங்கள். பத்து மீட்டர் செப்புக் கம்பியை மின்சாரக் கம்பிக்கு எட்டத்தில் கட்டி, ஏரியலோடு சேருங்கள். இடி மின்னல் என்றால் உடனே கழற்றிவிடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகப் படம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

நிலையம் கிடைத்தால் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி, ஒலியின் தெளிவு ஆகியவற்றை எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். சரியாக இருந்தால் பல நிலையங்கள் வண்ண அட்டை ஒன்றை அத்தாட்சியாக அனுப்பும். அதைச் சேர்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி. சென்னை ஆர்டிக் டி.எக்ஸ். சங்கத்தார் இதற்காகவே 'சர்வதேச வானொலி' என்று தமிழில் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள்.

நேரம் எழுதும்போது மட்டும் கவனம். உலக நேரத்தில் எழுத வேண்டும். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்தால் உலக நேரம். இங்கே இரவு 9 மணி என்றால் 15.30 என்று போடுங்கள்.