கீமோ முடிந்து ஊர் திரும்பியவர்

ஒடுவந்தழை தின்று வந்தவருக்குப் பொட்டாசியம் பார்க்காத மருத்துவர் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இருக்கமாட்டார். சிறுநீர் வழியே பொட்டாசியம் ஒழுகி, இதயத்துடிப்பு தாறுமாறாகும் என்பதை நாம் படுக்கையருகே நின்று கற்றவர்கள். அதே பதற்றம், "காலத் தூக்கி வைக்க முடியல டாக்டர்" என்று ஒரு புற்றுநோயாளி சொல்லும்போது நமக்கு வருவதில்லை.

மயிலத்துக்காரர் ஒருவர் ஜிப்மரிலோ அடையாறிலோ சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறார். அடுத்த சுற்றுவரை அவர் நம் நோயாளி. வாந்தி நிற்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. கீமோ அசதிதான் என்று சொல்லி ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்தக் குளுக்கோஸ் இன்சுலினைச் சுரக்கவைத்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். இது கருணையோடு செய்யப்படும் தவறு. ஆனாலும் தவறுதான்.

பொட்டாசியம் குறைவு என்று கண்டுபிடித்த பிறகும் ஒரு சறுக்கல் உண்டு. 15 மி.லி. சிரப்பில் 20 மில்லி ஈக்விவலன்ட் போகிறது. வேளை தவறாமல் கொடுத்தும் அளவு ஏறாது. சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழல்களைக் கெடுத்து மெக்னீசியத்தை வெளியேற்றுகிறது. செல்லுக்குள் மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறும் கால்வாய்கள் மூடுவதில்லை. மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இதே அசதி எதிர்த்திசையிலிருந்தும் வரும். கருப்பைவாய்ப் புற்று சிறுநீர்க்குழாய்களை நெரித்து, கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தெம்பு வரட்டும் என்று வீட்டார் இளநீர் வெட்டித் தருவார்கள். இளநீரில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 250 மி.கி. பொட்டாசியம். அவருக்கு அது ஆபத்து. இரத்தப்புற்றில் கீமோ தொடங்கிய முதல் வாரத்தில் செல்கள் கூட்டமாக உடைந்தாலும் பொட்டாசியம் ஏறும். ஆகவே ஊகித்து மருந்து எழுத இடமில்லை. இரத்தம் எடுக்க வேண்டும். முடிவு வரும்வரை ஈசிஜி பார்க்கலாம். டி அலை தட்டையாகி யு அலை தலைகாட்டினால் குறைவு, டி அலை கூராக எழும்பினால் மிகுதி என்று சந்தேகிக்க வேண்டும். ஈசிஜி இயல்பாக இருந்தாலும் மிகுதி இல்லை என்று நிம்மதியடைய முடியாது.

இரத்த மாதிரிக் குப்பியின் பயணத்தையும் கவனியுங்கள். கத்திரி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் போகும் மாதிரியில், குறிப்பாக வெள்ளணுக்கள் மிகுந்தவர்களிடம், அணுக்களே பொட்டாசியத்தை உறிஞ்சிப் பொய்யான குறைவைக் காட்டும். பனிக்கட்டியில் வைத்தால் பொய்யான மிகுதி. எடுத்த இடத்திலேயே சீரத்தைப் பிரித்து அனுப்புவதே சரி.

மெக்னீசியம் சல்பேட்டுக்கு நாம் எங்கும் அலைய வேண்டாம். வலிப்பு வரும் கர்ப்பிணிகளுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையிலேயே அது இருக்கிறது. கிரியேட்டினினைப் பார்த்துவிட்டு, அந்த அலமாரியைப் புற்றுநோயாளிக்காகவும் திறவுங்கள்.