பெயரிடுதல் அறிதலாகுமா?

நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவஞ் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கூறிய நெறி. இற்றை உளமருத்துவமோ பல வேளைகளில் பெயரொன்றைச் சூட்டுவதோடு அமைதி கொள்கின்றது. பெயரிடுதலை அறிதலெனக் கொள்ளும் இம்மயக்கத்தைக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேரியா என்னும் பெயர் ஓர் ஒட்டுண்ணியைச் சுட்டும்; குருதிப் பரிசோதனை அதனைக் காட்டும். மனச்சோர்வு நோய் என்னும் பெயர் எதனைச் சுட்டுகின்றது? அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட கைந்நூலின் மூன்றாம் பதிப்போடு, அறிகுறிகளை எண்ணி நோயைத் தீர்மானிக்கும் முறை நிலைபெற்றது. இன்றைய பதிப்பின்படி, ஒன்பது அறிகுறிகளுள் ஐந்து இரு வாரம் நீடித்தல் வேண்டும். இக்கணக்கில், ஒரே நோயுடையோர் எனப்படும் இருவர் ஒரேயோர் அறிகுறியில் மட்டும் ஒத்திருத்தல் கூடும். 2013 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புக்கான களப் பரிசோதனைகளில், இந்நோய் குறித்து மருத்துவரிடையே காணப்பட்ட உடன்பாடு, முழு உடன்பாட்டை 1 எனக் கொள்ளும் அளவையில் 0.28 மட்டுமே. தன்னினச்சேர்க்கையை அச்சங்கத்தின் நிருவாகக் குழு 1973 இல் நோய்ப் பட்டியலினின்று நீக்கியது; 1974 இல் அங்கத்தவர் வாக்கெடுப்பு அதனை உறுதிசெய்தது. நீக்கியமை நன்றே. ஆயினும், வாக்கெடுப்புக்கு உட்படும் நோய் எத்தகைய நோய்?

இப்பெயர்கள் எங்கும் ஒரே பொருள் தருவனவும் அல்ல. மேலைநாட்டார் மனச்சோர்வு நோயெனக் கருதும் நம்பிக்கையிழப்பு, பௌத்தர் ஒருவருக்கு உலக இயல்பு பற்றிய தெளிவாகவும் அமையலாம் என மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985 இல் வாதிட்டார்.

மாற்றுவழி யாது? உளவியல் விளக்கவரைவு என அதனைக் கூறலாம். இவருக்கு இத்துயர் இப்பொழுது ஏன் தோன்றிற்று? எவ்வநுபவங்கள் அதற்கு நிலமாயின? எது அதனைத் தூண்டியது? எது நீடிக்கச் செய்கின்றது? எவை இவரைத் தாங்கி நிற்கின்றன? இவற்றுக்கான விடைகளைத் துன்புறுவோரும் உளவியலாளரும் சேர்ந்து தேடி, ஒரு கருதுகோளாக வரைகின்றனர். பிரித்தானிய உளவியற் கழகத்தின் மருத்துவ உளவியற் பிரிவு 2011 இல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. லூசி ஜோன்ஸ்ரன், மேரி பொயில் முதலியோர் 2018 இல் வெளியிட்ட சட்டகம், அதிகாரமும் அச்சுறுத்தலும் மனிதரை எவ்வாறு வருத்துகின்றன என்பதை விசாரணையின் மையத்தில் வைத்தது.

நம் மண்ணில் இது வெறும் ஏட்டு விவாதமன்று. போர் முடிந்த 2009 இல் மகனைத் தொலைத்த தாயொருத்தியை எண்ணிப் பார்ப்போம். உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, வாழ்வில் பிடிப்பில்லை. அறிகுறிகளை எண்ணினால் நோயின் பெயர் கிடைத்துவிடும். மகன் இறந்தான் என்று அழவும் இயலாது, இருக்கிறான் என்று ஆறவும் இயலாது அவள் நிற்பது அப்பெயரில் எங்கே உண்டு? 2017 இல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்த தாய்மார் கேட்டது விடையையே. அவ்விடை கிட்டாமையே துயரை நீடிக்கச் செய்கின்றது என விளக்கவரைவு எழுதும். நோய்ப் பெயரோ குறையை அவள் மூளைக்குள் வைத்துப் பூட்டிவிடும்.

பெயரின்றி மருந்தும் மருத்துவ விடுப்பும் எங்ஙனம் கிடைக்கும் என வினவுவோர் உளர். உறக்கமின்மைக்கு மருந்தளிக்க உறக்கமின்மை என்னும் சொல்லே போதுமானது. தைரொயிட் குறைபாடு போன்ற உடற்காரணங்களைச் சோதிப்பதை விளக்கவரைவு தடுப்பதுமில்லை. படிவம் நிரப்பப் பெயர் வேண்டுமெனின் எழுதுக. ஆனால் நிருவாக வசதியை அறிவியல் உண்மையென உரைத்தல் தகாது. பெயர் கிடைத்ததால் ஆறுதலுற்றோரும் உளர். அவ்வாறுதலைப் பறிப்பது எமது நோக்கமன்று. விளக்கவரைவும் பிழைபடலாம். ஆயினும் அது துன்புறுவோர் மறுத்துத் திருத்தக்கூடிய கருதுகோள்; கோப்பிற் பதிந்த நோய்ப் பெயரோ எளிதில் அழிவதில்லை.

மருத்துவம் பயிலும் நண்பர்கள் நாளை இத்தாயின் முன் அமர்வர். என்ன நோய் என்று எழுதுமுன், என்ன நேர்ந்தது என்று அவளிடம் கேட்பார்களாக. அவள் கூறும் விடையையும் கோப்பிற் பதிவார்களாக.